மூன்றாம் கவுன்ட்டர் மணி

"வந்தாச்சு! கூப்பன் ஃபைலோட வந்தாச்சு!" பக்கத்துக் கவுன்ட்டரிலிருந்து ரோக்சேன் கிசுகிசுத்தாள். "நேரா உன்கிட்டதான் வருது. தைரியமா இரு."

மூன்றாம் கவுன்ட்டரில் கெல்சி நிமிர்ந்து நின்றாள். அமெரிக்காவின் டுலூத் நகரக் குளிரில் கடை கடையாக ஏறி இறங்கிக் கிடைத்த வேலை. சேர்ந்து ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை.

புதன்கிழமை என்றால் அந்த சூப்பர் மார்க்கெட்டில் கூப்பனுக்கு இரட்டைத் தள்ளுபடி. கூடவே ஆர்டிஸ் அம்மாளும் வந்துவிடுவாள். செல்லாத கூப்பனை நீட்டுவாள். செல்லாது என்றால் கடை அதிரச் சண்டை போடுவாள். மணியடித்து, மாடியிலிருந்து மேனேஜர் சாவியோடு இறங்கி வந்து திருகினால்தான் பில் மெஷின் மேற்கொண்டு நகரும்.

"உனக்கு முன்னாடி இங்க ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்க. புதன்கிழமை தவறாம மணி அடிச்சாங்க. இப்ப ரெண்டு பேருமே இங்க இல்ல," என்று காலையிலேயே ரோக்சேன் பயமுறுத்தி வைத்திருந்தாள்.

போதாக்குறைக்கு மேனேஜர் ஹால்வர்சன் வேறு. மனைவி காலமான பிறகு, மைக்ரோவேவில் சுட வைத்த டப்பா சாப்பாட்டில் காலம் தள்ளுகிற மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று கடை திறக்கும் முன்பே வந்து மூன்றாம் கவுன்ட்டர் மணியைத் தன் கையாலேயே அழுத்திப் பார்த்தார்.

"நல்லா அடிக்குதில்ல? மேல என் ரூம் வரைக்கும் கேக்கணும்," என்று சொல்லி, டையை இறுக்கிக்கொண்டு மாடியேறிப் போனார்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா? தலையே போனாலும் அந்த மணியைத் தொடுவதில்லை என்று கெல்சி தீர்மானித்துவிட்டாள். சின்னத் தொகை என்றால் மேனேஜர் சாவி இல்லாமல் கையாலேயே அடித்துக் கழித்துவிடலாம் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஆர்டிஸ் அம்மாள் சாமான்களைப் போருக்குப் படை நிறுத்துவது போல் வரிசையாக வைத்தாள். தள்ளுவண்டியில் துணி போட்டு மூடிய ஒரு பாத்திரம் மட்டும் மிச்சம் இருந்தது. லவங்கப்பட்டை வாசனை தூக்கியது.

"அதையும் வைங்க மேடம்."

"அது கடைச் சாமான் இல்ல. வீட்ல பண்ணின ஆப்பிள் கேக். நீ கூப்பனைப் பாரு."

முதல் கூப்பன் சூப் டின்னுக்கு. மெஷின் 'பீப்' என்று கத்தியது. போன மாதமே தேதி முடிந்திருந்தது.

"பரவால்ல மேடம், கழிச்சுடறேன்."

சண்டைக்குத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. "தேதியைப் பாத்தியா நீ?"

"பாத்தேன் மேடம். ஒரு சூப்புக்குப் போய் தேதி பாக்கறதா?"

அடுத்தது காபித்தூள் கூப்பன். வாங்கியிருந்ததோ தேயிலை.

"ரெண்டுமே சூடா குடிக்கறதுதானே மேடம்," என்று அதையும் கழித்தாள் கெல்சி. பக்கத்துக் கவுன்ட்டரில் ரோக்சேன் தன் வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்டிஸ் அம்மாளின் முகம் சிவந்தது. ஃபைலைப் புரட்டி நாய் பிஸ்கட் கூப்பன் ஒன்றை எடுத்து ஓங்கி வைத்தாள். "நாய் பிஸ்கட் நான் வாங்கவே இல்ல. வீட்ல நாயும் கிடையாது. இப்ப என்ன சொல்றே?"

"நாளைக்கே ஒண்ணு வளத்தாலும் வளப்பீங்க மேடம்."

வரிசையில் பால் கேனோடு நின்றவர் கைதட்டியே விட்டார். ஆர்டிஸ் அம்மாள் அவரை முறைத்துவிட்டுக் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "இதைப் பாரு. இது எதிர்த்த கடை கூப்பன்!"

"அவங்களும் நம்மள மாதிரிதானே மேடம், பாவம்." கழித்தாயிற்று.

"ஏம்மா, உனக்கு ரோஷமே கிடையாதா? முடியாதுன்னு ஒரு வார்த்தை வாயில வராதா?"

"உங்ககிட்டப் போய் அப்படிச் சொல்வேனா மேடம்?" கெல்சி பில்லைக் கிழித்து இரண்டு கையாலும் நீட்டினாள். ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் குதூகலம். வேலை பிழைத்தது.

ஆர்டிஸ் அம்மாள் பில்லை வாங்கவில்லை. ஃபைலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புரட்டினாள்; ஒன்றும் மிச்சமில்லை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள். கெல்சியும் பார்த்தாள்.

மாடி அறைக் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஹால்வர்சன் நின்றுகொண்டிருந்தார். தலையைப் படிய வாரி, டையைச் சரிசெய்து, கையில் சாவியோடு தயாராக இருந்தார்.

ஆர்டிஸ் அம்மாள் கவுன்ட்டர் மேல் குனிந்தாள். அத்தனை நேரம் முழங்கிய குரல் இப்போது கெஞ்சியது.

"கேக் ஆறினா அவருக்குப் பிடிக்காதும்மா... அந்த மணியை அடிச்சுத் தொலையேன்!"