ஒன்பது கிலோவும் ஆறரை கிலோவும்

பழுதுபார்க்கும் கடையின் பின்புறம் இரண்டு பழைய வாஷிங் மெஷின்கள் மூடியில்லாமல் வாய் திறந்து நின்றன. பெரியது ஒன்பது கிலோ துணி கொள்ளும், சின்னது ஆறரை.

"காய்ஞ்ச துணிக் கணக்குதான் கணக்கு, தம்பி. ஈரத்தோட நிறுத்தா எவனும் ஒன்பது கிலோ ஆகலாம்," என்று பெரியது தினமும் சொல்லும்.

சின்னதின் தொட்டிக்கு நடுவே துணியைக் கலக்கும் தண்டை மெக்கானிக் கழற்றி வேறொன்றுக்கு மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அதற்குள் ஒரு கைக்குட்டைகூட விழவில்லை. எதையாவது ஒருமுறை சுமந்துவிட்டால் போதும் என்று அது ஏங்கிக் கிடந்தது.

ஒரு மழைநாளில், குட்டிகளுக்கு இடம் தேடி ஒரு பூனை வந்தது.

"ஒன்பது கிலோ. தாராளமா வாம்மா," என்றது பெரியது.

பூனை உள்ளே இறங்கிப் பார்த்தது. நடுவில் தண்டு நட்டுக்கொண்டு நின்றது.

"உங்களுக்குள்ள பிரகாரம் சுத்தலாம், அண்ணே. படுக்க முடியாது," என்று சொல்லிவிட்டு வெளியேறி, நனைந்த குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து சின்னதுக்குள் இறக்கியது.

பெரியது கேட்டது: "எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ வரும், தம்பி?"

"இன்னும் ஈரமா இருக்குதுங்கண்ணே. காய்ஞ்சப்புறம் சொல்றேன்," என்றது சின்னது. "இப்போ கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. தூங்குதுங்க."