பதினைந்து காலிப் பெட்டிகள்

"பதினஞ்சு கம்ப்யூட்டரும் ஆன் ஆகுது சார். ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் கறுப்புத் திரை!"

கம்ப்யூட்டர் டீச்சர் போனில் போட்ட சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்டது.

"தெரியும் மேடம். அழிச்சதே நான்தான்" என்றார் மறுமுனையில் இருந்தவர். பள்ளிக்குப் பழைய கம்ப்யூட்டர்களைத் தானமாகக் கொடுத்த கம்பெனியில், மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

"உங்க ஆபீஸ் கணக்கு வழக்கை அழிச்சீங்க, சரி. சாஃப்ட்வேரை எதுக்கு சார் அழிச்சீங்க?"

"அதோட லைசென்ஸ் எங்க கம்பெனி பேர்ல இருக்கு. மெஷினைத் தானம் பண்ணலாம். லைசென்ஸைத் தானம் பண்ண முடியாது. சட்டம் அப்படி."

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது.

நேற்றுத்தான் அந்தக் கம்பெனி முதலாளி வந்து ரிப்பன் வெட்டி, மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் கொடை உள்ளத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகளும் கை வலிக்கக் கைதட்டினார்கள். இன்னும் பத்தே நாளில் அவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. அதற்குள் லேப் ஓடவில்லையென்றால், அடுத்த வருடம் கம்ப்யூட்டர் பாடமே கிடையாது என்று தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லியிருந்தார்.

"பரவாயில்ல சார். பக்கத்துக் கடைக்காரர் எல்லா சாஃப்ட்வேரையும் ஒரே பென்டிரைவ்ல வெச்சிருக்காராம். நாங்க போட்டுக்கறோம்."

"திருட்டு காப்பியா? அதைப் போட்டீங்கன்னா நானே புகார் கொடுப்பேன்."

"என்ன சார், மிரட்டறீங்களா?"

"ஆமா மேடம்."

போன் துண்டிக்கப்பட்டது.

"விருந்துக்குக் கூப்பிட்டு உட்கார வெச்சு, சமையலறையைப் பூட்டிட்டுப் போயிட்டான் அந்த சட்டப்புலி!" என்று ஆசிரியர் அறையில் போவோர் வருவோரிடமெல்லாம் புலம்பித் தீர்த்தாள் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே நம்பரிலிருந்து அழைப்பு.

"லேபைக் கொஞ்சம் திறந்துவிடுங்க மேடம். வாசல்ல நிக்கிறேன்."

சோதனை போடவே வந்துவிட்டானா? டீச்சர் பதறியடித்துக்கொண்டு ஓடினாள்.

தோளில் ஒரு பையோடு ஒல்லியாக நின்றிருந்தார் அவர்.

"இலவசமாவே கிடைக்கிற சாஃப்ட்வேர் இருக்கு மேடம். யாரும் யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம். உங்க பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துட்டேன், இதுவே தாராளமா போதும்."

ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தார். மக்கர் பண்ணிய இரண்டு மெஷின்களின் மெமரி அட்டையைக் கழற்றி, அதன் முனையை அழிரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினார். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்குப் பதினைந்து திரைகளும் பளிச்சென்று வெளிச்சமாயின. ஒன்றில் டீச்சர் தன் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்தாள். வந்தது!

அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"உங்களைக் கண்டபடி திட்டிட்டேன் சார், மன்னிச்சிடுங்க. இவ்வளவு நேர்மை பார்க்கிற கம்பெனி இந்தக் காலத்துல எங்க சார் இருக்கு?"

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றது.

"முதலாளி, 'எதையும் அழிக்காதே, இருக்கறபடியே தூக்கிக் கொடுத்துடு'ன்னுதான் மேடம் சொன்னார்."

"பார்த்தீங்களா, எவ்வளவு பெரிய மனசு! நீங்கதான் லைசென்ஸ் கம்பெனி பேர்ல இருக்குன்னு சொல்லி..."

"அவர் உப்பைத் தின்னுட்டு போன்ல வேற என்னத்தை மேடம் சொல்றது?" பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பதினஞ்சுலயும் இருந்தது திருட்டு காப்பி. அடுத்த வாரம் எங்க ஆபீஸுக்கு லைசென்ஸ் சோதனை வருது. அதான் அவசர அவசரமா உங்க தலையில கட்டிட்டார்."