தூண்டில் கம்புக்கு ஈயக்கட்டி

கணவன் விஜயராஜின் தூண்டில் கம்பை, ரீலுக்கு முன்னால் ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்தாள் நந்தினி. நுனி தாழ்ந்தது. பிடியின் அடியில் ஈயக்கட்டி வைத்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிச் சுற்றினாள். மறுபடி விரலில் வைத்ததும் கம்பு சாயாமல் நின்றது.

“வீசிப் பாருங்க.”

வீசினான். “கனமே தெரியல. போன ஞாயிறு மணிக்கட்டு வலிச்சு ஒன்பது மணிக்கே வந்துட்டேன்.”

“இன்னைக்கு நிதானமா மதியம் வரைக்கும் புடிச்சிகினு வாங்க.”

“உன்ன மாதிரி பொண்டாட்டி இந்த பிளாக்லயே இல்ல” என்று ஏரிக்குக் கிளம்பினான்.

பைக் தெருமுனை திரும்பியதும், பக்கத்து குவார்ட்டர்ஸ் பொற்கொடியை ஃபோனில் அழைத்தாள் நந்தினி.

“அக்கா, உங்க ஸ்கூட்டிய எடுத்துகினு வாங்க. மதியம் வரைக்கும் அவரு வரமாட்டாரு. நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட், எனக்கு இன்னும் கால் ஊனாம எட்டு போட வரல. ‘உனக்கெதுக்கு வண்டி’ன்னவர அடுத்த ஞாயிறு பின்னாடி உக்கார வெச்சி, நான்தான் ஏரிக்குக் கூட்டிகினு போவணும்.”