கடைசிக் கால் சுற்று

"இருபது வருஷமா பிளம்பர்னு பேரு. ஒரு தோட்டத்துக் குழாயை நேரா மாட்டத் தெரியலையேடா உனக்கு!"

அக்காக்காரி இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். தம்பிக்காரன் மாட்டிய புதுக் குழாயின் மூக்கு தரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. சுவரோடு சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு.

"பக்கத்து வீட்டுல என்ன சமையல்னு எட்டிப் பாக்குதா உன் குழாய்?"

"இரு அக்கா, கழட்டி மாட்டுறேன்."

இது மூன்றாவது தடவை. வால்வை மூடினான். குழாயைக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, மரையில் புது வெள்ளை டேப்பைச் சுற்றினான். முதலில் கையால் முறுக்கினான், அப்புறம் ஸ்பேனர் போட்டான். வால்வைத் திறந்தால், பழைய குருடி கதவைத் திறடி கதைதான். மறுபடியும் சொட்டு.

"இன்னும் முறுக்கேன்டா!"

"அழுத்தி முறுக்கி உள்ள இருக்கிற எல்போ மூட்டு விரிசல் விட்டா, சுவரைத்தான் உடைக்கணும். பயமா இருக்குக்கா."

பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரை அவள் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷம் ஃபேக்டரியில் ஃபிட்டர். ஆறு மாசத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது கை சோர்ந்ததிலிருந்து ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. கைக்கு வேலை கொடுங்க என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், "இனி இந்தக் கை எதுக்கு ஆகும்?" என்று மடியிலேயே போட்டு வைத்திருந்தார்.

இப்போது தொண்டையைக் கனைத்தார். எழுந்து வந்தார்.

"குடு மாப்ளே அந்த ஸ்பேனரை."

வலது கையால்தான் பிடித்தார். பிடி நழுவியது. இடது கையை மேலே வைத்து மெல்ல அழுத்தினார். கால் சுற்று. குழாய் மூக்கு தரையைப் பார்த்தது. சொட்டு நின்றது.

"எப்படி?" என்று பெண்டாட்டியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"மாமான்னா மாமாதான்!" தம்பிக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அக்காக்காரி விடவில்லை. கேட் வரைக்கும் துரத்திக்கொண்டு போனாள்.

"கை சரியில்லாத மனுஷன் செஞ்சதை உன்னால செய்ய முடியலையே, வெக்கமா இல்ல?"

"மெதுவாப் பேசுக்கா. வேணும்னேதான் கால் சுத்து மிச்சம் வெச்சேன். மாமா எழுந்து வருவாரான்னு பாத்தேன்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

வீட்டுக்காரர் ஸ்பேனர் பிடித்த கையை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மிச்சம் வெச்ச கதையைச் சொல்லிட்டானா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"டேப்பை மரை போற பக்கமாவே அவ்வளவு பதவிசா சுத்துறவனுக்கு, கடைசிக் கால் சுத்தா தெரியாது? நான் மட்டும் எழுந்து வரலேன்னா, பாவம், பொழுது சாயற வரைக்கும் உன்கிட்ட திட்டு வாங்கிட்டே நின்னிருப்பான்."