நிறம் கொஞ்சம் கம்மி

கணினித் திரையில் தையல்நாயகி சிரித்தாள்.

அவருக்குத்தான் தன் மனைவியை அடையாளம் தெரியவில்லை.

அவள் போய்ப் பதினோரு நாள். கண்ணை மூடினால் குரல் வருகிறது, வளையல் சத்தம் வருகிறது, முகம் மட்டும் வர மறுக்கிறது. வீட்டில் இருந்த இருநூறு படங்களிலும் அவரும் பொன்னாடையும்தான். அவளுக்கென்று ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒன்றே ஒன்று. அதைப் பெரிதாக்கத்தான் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்.

நாளை படத்திறப்பு. அழைப்பிதழில் அவளுக்கு ஒரு வரி, அவருடைய பட்டங்களுக்கு ஏழு.

"முகத்த நல்லா க்ளீன் பண்ணிட்டேன் ஐயா," என்றார் ஸ்டுடியோக்கார பெனடிக்ட், பாராட்டுக்குக் காத்திருந்தபடி.

ரோஜா நிறத்தில் யாரோ ஒருத்தி. மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு மங்கல்.

"இது அவ இல்ல தம்பி. அவ வந்து..."

நிறவெறிக்கு எதிராக முப்பது வருடம் மேடையில் முழங்கிய நாக்கு, அங்கே நின்றுவிட்டது.

மாநிறம்? அது தரகர் சொன்ன பொய்.

கறுப்புதான், ஆனா களை? அது வந்தவர் போனவரிடமெல்லாம் அவருடைய அம்மா கேட்ட மன்னிப்பு.

கடைசியில் வாய் தானாகவே சொன்னது.

"நிறம் கொஞ்சம் கம்மி."

"அதான் ஐயா, அது தெரியாத மாதிரி சரி பண்ணியிருக்கேன்."

"குறைச்சிடுங்க."

இப்படிக் கேட்டு இதுவரை ஒருவரும் அந்தக் கடைப்படி ஏறியதில்லை. "டல்லாயிடுமே ஐயா," என்று முனகிக்கொண்டே பெனடிக்ட் மவுஸை நகர்த்தினார்.

ரோஜா போயிற்று.

கன்னம் வந்தது. மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டு வியர்த்து வரும் அந்த நெற்றி வந்தது.

மூக்குத்தி சட்டென்று சுடர்விட்டது.

"போதுமா ஐயா?"

"இன்னும்."

திரைக்கு வெகு அருகே போயிருந்தார். மூக்குக்கண்ணாடியில் மூச்சு படிந்தது. துடைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம்."

வந்துவிட்டாள்.

சட்டைப்பையில் நாளைய உரை உறுத்தியது. இரண்டு நாள் உழைத்துப் பிடித்த முதல் வரி: 'நிறத்தில் குறைந்தவள், குணத்தில் நிறைந்தவள்.' பக்கத்திலேயே, கைதட்டலுக்கு நிறுத்த வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்திருந்தார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேனா இருக்கா?"