தம்பி தின்ற சோறு

வினோதினிக்குக் குடலில் புண் வந்தால் மூட்டுகளும் சேர்ந்து வீங்கும். எந்த மருந்துக்கும் அது கேட்கவில்லை. கடைசியில், ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி லோகேஷின் குடல் கிருமிகள்தான் கைகொடுத்தன. அவன் வாராவாரம் ஆஸ்பத்திரியில் மலம் கொடுத்துவிட்டு வருவான். அது மாத்திரையாகிச் சாத்தூரில் இருக்கும் இவளுக்கு வந்து சேரும். அவன் கண்டதைத் தின்றால் இவள் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிடும். அவன் பீர் குடித்தது ஒருமுறைகூட இவளுக்குத் தெரியாமல் போனதில்லை.

இந்த மாதம் வீக்கம் மளமளவென்று வடிந்துவிட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவள், அப்படியே தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஒழுங்கா சாப்பிடுறியாடா?"

"எங்கக்கா, அதே மெஸ்ஸுதான்."

"மெஸ் சோத்துக்கெல்லாம் என் முழங்கால் மடங்காதுடா. யாரு ஆக்கிப் போடுறா?"

லோகேஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"லிப்சான்னு ஒரு ஒடிசாப் பொண்ணுக்கா. கூட வேலை பாக்குறா. சோத்துல தண்ணியும் தயிரும் ஊத்திப் புளிக்க வச்சுக் குடுப்பா. சொல்லணும்னுதான் இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கோவில்பட்டியில் பெண் பார்க்க வருவதாகப் பெண் வீட்டாரிடம் இவள் சொல்லியாகிவிட்டது. ஆத்திரத்தில் விருட்டென்று எழுந்தாள். எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கிறோம் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மறுபடி மெல்லச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன். உன் பொண்டாட்டியை ஊறுகாய மட்டும் கொறைக்கச் சொல்லு. எனக்குப் பெருவிரல் இன்னும் வலிக்குது."