ஜெக்கரியாவின் மீட்டர்

வீரையனின் பிக்கப் நான்காவது முறையாக ஜெக்கரியாவின் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது.

“பாய், பத்து கிலோமீட்டர் போனதும் நின்னுடுது. கும்பகோணம் போக வேண்டிய வெத்தல அத்தனையும் வாடுது!”

ஜெக்கரியா வழக்கம்போல டேங்க் மூடியைத் திறந்து டீசல் பார்த்தார். துபாயிலிருந்து கொண்டுவந்த பிரஷர் மீட்டரை மாட்டினார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. பிரஷரும் சரியாக இருந்தது.

‘இங்க வந்தா மட்டும் எப்படி ஓடுது?’

கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, மூடியில இருக்குற காத்து ஓட்டைய யாரோ அடைச்சிருக்காங்க. உள்ள காத்து போகாம டீசல் எப்படி வெளிய வரும்? நான் மூடியத் திறந்ததும் ஓடுது, நீங்க மூடிக்கிட்டுப் போனா நிக்குது.”

வீரையன் தலையைச் சொறிந்தார்.

“நான்தான் பாய். மொதல்ல ஆயுத பூஜைக்குப் பூசினேன். அப்புறம் நீங்க சரி பண்ணிக் குடுக்குறப்பல்லாம், இனிமே நிக்கக்கூடாதுன்னு சந்தனம் பூசி பூஜை போட்டேன். மூடிதானே வண்டி சாப்பிடுற வாய்? அங்க மட்டும் கொஞ்சம் கெட்டியா வச்சேன்.”

ஜெக்கரியா மீட்டரைக் கழற்றி வைத்தார். ஊசியால் மூடியின் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டுக் கை கழுவப் போனார்.

திரும்பியபோது வீரையன் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கண்டுபிடிச்சுக் குடுத்தது உங்க மீட்டர்தான் பாய். அதுக்கு ஒரு குறையும் வரக்கூடாது.”

துபாய் மீட்டரின் வாயில் சந்தனம் கெட்டியாக அப்பியிருந்தது.